லாப்ரடார் தண்ணீர்

அது பதில் சொன்னது. அதுதான் எனக்கு எரிச்சலே. ஊமையாகக் கிடந்திருந்தால் தொலைந்துபோனது என்று முடிவுகட்டி, அழ வேண்டிய அழுகையை அழுதுவிட்டு, வேறு வேலையைப் பார்த்திருப்பேன். கப்பலின் பக்கவாட்டில் ஒலிக்கருவியை இறக்கிக் கூப்பிடும்போதெல்லாம் கடலடியிலிருந்து அது மரியாதையாகப் பதில் அனுப்பியது. இருக்கிறேன் என்றது. நிமிர்ந்துதான் நிற்கிறேன் என்றது. கொக்கியைத் திற என்றோம், திறந்துவிட்டேன் என்றது. இவ்வளவும் சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றது.

நாங்கள் அதைக் கருவிக்கயிறு என்போம். அடியில் கனமான நங்கூரம், அதன்மேல் ஒரு கொக்கி, கொக்கிக்கு மேலே கடலுக்குள் நெட்டுக்குத்தாக நிற்கும் கயிறு, கயிற்றில் அங்கங்கே கட்டிய அளவுக்கருவிகள், உச்சியில் மஞ்சள் மிதவைகள். போட்ட இடத்துக்குத் திரும்பி வந்து சொல்ல வேண்டிய ஒலியைச் சொன்னால் கொக்கி திறந்து நங்கூரத்தை விட்டுவிடும். மிதவைகள் மற்றதை எல்லாம் மேலே தூக்கி வரும். போட்டது இரண்டு வருடத்துக்கு முன்னால். நடுவில் இரண்டு குளிர்காலம் போயிருந்தது. அந்த இரண்டு குளிர்காலமும் எனக்கு வேண்டும்.

என் பெயர் கிளெனிஸ் கீப்பிங். நியூபவுண்ட்லாந்துத் தீவில், செயின்ட் ஜான்ஸ் ஊரில் உள்ள கடல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. எந்தத் தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்ப்பது என் பிழைப்பு. கடல்தண்ணீர் எல்லாம் ஒரே தண்ணீர்தானே என்று கேட்கிறவர்களோடு எனக்குச் சண்டை வரும். என் அம்மாவோடு இரண்டு முறை வந்திருக்கிறது.

ஒரே தண்ணீர் இல்லை. நியூபவுண்ட்லாந்துக்குத் தெற்கே, மீன்திட்டுகளின் விளிம்பில், இரண்டு தண்ணீர்கள் சந்திக்கின்றன. வடக்கே லாப்ரடாரிலிருந்து வருவது நல்ல குளிர், மீனும் இறாலும் மூச்சு விடுகிற காற்று, அதாவது ஆக்சிஜன், நிறைந்தது. தெற்கேயிருந்து வருவது சூடு, உப்பும் தூக்கல், காற்றுக் குறைவு. இரண்டும் கலந்து லாரன்ஷியன் பள்ளம் என்ற கடலடிப் பள்ளத்தின் அடியில் நுழைந்து வருடக்கணக்கில் கியூபெக் பக்கம் ஊர்ந்து போகும். அந்த அடித்தண்ணீரில்தான் இறால் இருக்கிறது. கலவையில் லாப்ரடார் பங்கு குறையக் குறைய இறாலுக்குச் சூடும் ஒத்துக்கொள்வதில்லை, மூச்சும் முட்டுகிறது. அந்தப் பங்கு குறைந்து குறைந்து இப்போது அடியோடு நின்றுவிட்டது என்பது என் கட்சி.

எதிர்க்கட்சிக்குத் தலைவர், தொண்டர் எல்லாம் டெர்மட் கரீன் ஒருவன்தான். என்னோடு படித்தவன், என் பக்கத்து அறைக்காரன், இந்தப் பயணத்திலும் பாதிக் கப்பல் நேரம் அவனுடையது. அவன் நுண்ணிய வலை இழுத்து, அரிசிமணி அளவில் இருக்கும் கடற்பூச்சிகளை அள்ளி எண்ணுகிறவன். உடம்பு முழுக்க எண்ணெய் ஏறிய ஒரு வடகடல் பூச்சி ஒவ்வொரு வசந்தத்திலும் அவன் வலையில் விழுகிறது. அது லாப்ரடார் தண்ணீரோடு வருகிற பூச்சி, பூச்சி வந்தால் தண்ணீரும் வந்திருக்கிறது என்பான். அது மேல்தண்ணீரில் பெல் ஐல் ஜலசந்தி வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது, அடித்தண்ணீரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது என்பேன் நான். குளிர்காலத்தில் யாரும் அளப்பதில்லை, லாப்ரடார் தண்ணீர் அப்போதுதான் வந்துவிட்டுப் போகிறது என்பான். "நீ போர்வைக்குள்ள இருக்கிறப்ப வருது தாயே, உன்கிட்ட சொல்லிட்டா வரும்?" என்று கருத்தரங்கிலேயே கேட்டான். அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பை அடக்கத்தான் நான் கருவிக்கயிறு போட்டேன் என்று சொன்னால் அதில் பொய் அதிகமில்லை.

டெர்மட் இதை எங்களோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. மீனவர்கள் கேட்கும் மாலை ரேடியோ நிகழ்ச்சியிலும் போய்ச் சொன்னான். குளிர்காலத்தில் நல்ல தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருக்கலாம், அவசரப்பட்டு இறாலுக்குக் கருமாதி செய்ய வேண்டாம் என்றான். தீவின் மேற்குக் கரையில் போர்ட் ஓ ஷுவாவில் உட்கார்ந்து அதைக் கேட்டவர்களில் என் தம்பி எல்டனும் ஒருவன். அவனுக்கு இறால் படகு. அக்கா சொல்வதை விட்டுவிட்டு ரேடியோக்காரன் சொல்வதைப் பிடித்துக்கொண்டான். யார்தான் பிடித்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது எல்டனுக்கு வேறு வழியில்லாத கட்டம். இறால் பிடிக்கும் உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர்களுக்கு ஈடு தருகிறோம், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று அறிவிப்பு வந்திருந்தது. கொடுத்துவிட்டால் அவ்வளவுதான், பிறகு இறால் திரும்பினாலும் அவன் கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாம். கொடுக்காமல் வைத்திருந்து இறால் திரும்பாவிட்டால், படகு சும்மா கிடந்து அவனையும் மூழ்கடித்துவிடும். அவன் மனைவி கொடு என்கிறாள். அவன் வைத்துக்கொள்ள ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தான்.

நாங்கள் கருவிக்கயிற்றின் இடத்துக்குப் போன அன்று காலையிலேயே கூப்பிட்டான். சாப்பாட்டறையில் நின்று பேசினேன்.

"அக்கா, லாப்ரடார் தண்ணி வருதா வரலையா? ஒரே வார்த்தைல சொல்லு."

கருவி மேலே வந்தால்தான் தெரியும் என்றேன்.

"நீதான் வரலன்னு ஊரெல்லாம் பேசறியே."

கோடைக்கு அப்படி, குளிர்காலத்துக்குக் கையில் அளவு இல்லை என்றேன். அவன் பெருமூச்சு விட்டது தெளிவாகக் கேட்டது.

"டாக்டர்கிட்ட போனா இந்த மாதிரிதான் சொல்றான். உன்ன படிக்க வச்சதுக்கு நீயும் அதேதான் சொல்ற. மேல வந்ததும் மொத போன் எனக்கு. ஆபீசுக்கெல்லாம் அப்புறம் சொல்லிக்க."

சரி என்றேன். இரண்டு மணி நேரத்தில் சொல்கிறேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

இரண்டு மணி நேரம் மூன்று முறை போனது. முதலில் பதில் வந்ததும் எல்லோரும் கைதட்டினோம். திறந்துவிட்டேன் என்று அது சொன்னதும் கப்பல்காரர்கள் கைப்பிடிக் கம்பியில் வரிசையாக நின்று கடலைப் பார்த்தார்கள். மிதவைகள் மேலே வர ஒரு சிகரெட் நேரம் போதும். அம்புரோஸ் மூன்று குடித்துவிட்டார். அம்புரோஸ் மேல்தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி, பளு தூக்கும் எந்திரமெல்லாம் அவர் பொறுப்பு. என் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் மாக்சின் மறுபடி தூரம் கேட்டாள். அதே தூரம். இன்னொரு முறை திறக்கச் சொன்னாள். திறந்துவிட்டேன் என்று இன்னொரு முறை சொன்னது.

மத்தியானம் மூடுபனி இறங்கியது. தினமும் இறங்குவதுதான், அன்று எனக்கென்றே இறங்கியதுபோல் பட்டது. சமையற்காரர் பட்டாணி சூப்பும் மாவு உருண்டையும் போட்டார், நான் சாப்பிடவில்லை. டெர்மட் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். கொக்கி திறந்தும் ஏன் மேலே வரவில்லை என்று சாப்பாட்டு மேசையில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். சிப்பி பிடித்துக் கொக்கி இறுகியிருக்கும் என்றார் ஒருவர். மிதவை உடைந்திருக்கும் என்றார் இன்னொருவர். மிதவை உடைந்தால் கயிறு சாய்ந்திருக்கும், அது நிமிர்ந்து நிற்கிறேன் என்கிறதே என்று கத்தினேன். கத்தியதும் எல்லோரும் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதில் ரொம்பக் கவனமாக இருந்தார்கள்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவள் மாக்சின்தான். ஆய்வறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆணி உண்டு. நங்கூரத்தைக் கப்பலிலிருந்து தூக்கி வெளியே நீட்டும்போது கொக்கி தானாகத் திறந்துகொண்டால் யார் காலிலாவது விழும். அதனால் கொக்கியையும் நங்கூரச் சங்கிலியையும் சேர்த்து ஆரஞ்சுக் கயிற்றால் ஒரு கட்டுப் போட்டுவைப்போம். கடலில் விடுவதற்குச் சற்று முன் அந்தக் கட்டை வெட்டிவிட வேண்டும். வெட்டிய துண்டைக் கருவிக்கயிற்றின் எண்ணை எழுதி ஆணியில் மாட்டுவது எங்கள் வழக்கம். யாரும் சட்டம் போடவில்லை, முதலில் யாரோ மாட்டினார்கள், பிறகு எல்லோரும் மாட்டினார்கள். மாக்சின் ஆணிக்கு முன்னால் நின்று துண்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் போட்டது இருந்தது. பிறகு போட்டது இருந்தது. எங்களுடையது இல்லை.

கொக்கி பொய் சொல்லவில்லை. அது ஒழுங்காகத் திறந்துதான் இருந்தது. ஆரஞ்சுக் கட்டு மட்டும் வெட்டப்படாமல் நங்கூரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

யார் வெட்ட வேண்டியது என்று கேட்டேன். அம்புரோஸ்தான் எப்போதும் வெட்டுவார் என்றாள் மாக்சின். அன்றைக்குக் கத்தியோடு சங்கிலிப் பக்கம் நின்றது மாக்சின்தான் என்றார் அம்புரோஸ்.

"நீ வெட்டுவேன்னு நான் எந்திரத்துக்குப் போய்ட்டேன் புள்ள."

"நீங்க வெட்டிட்டீங்கன்னுதானே நான் விடச் சொன்னேன்."

இருவரும் அழாத குறை. எனக்குத் திட்டக் கூட வாய் வரவில்லை. ஏனென்றால் அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

நங்கூரத்துக்கு நாங்கள் பழைய ரயில் சக்கரங்களைப் போடுகிறோம். தீவில் ரயில் ஓடி எத்தனையோ காலமாயிற்று, சக்கரம் மட்டும் எங்கிருந்தாவது கிடைத்துக்கொண்டே இருக்கிறது. கடலில் விடுமுன் சக்கரத்தில் சாக்குக்கட்டியால் பெயர் எழுதுவது இன்னொரு வழக்கம். யாரைக் கடலடிக்கு அனுப்ப ஆசையோ அவர் பெயரை எழுதலாம். மாக்சின் பழைய புருஷன் பெயரை எழுதினாள். அம்புரோஸ் ஏதோ ஐஸ் ஹாக்கி பயிற்சியாளர் பெயரை எழுதினார். டெர்மட் என் பெயரை முழுதாக, முகவரியோடு எழுதினான். நான் சும்மா விடுவேனா, அவன் பெயரை அதைவிடப் பெரிதாக எழுதினேன். அவன் என்னுடையதன் கீழே கோடு போட்டான். நான் அவன் கையிலிருந்து சாக்குக்கட்டியைப் பிடுங்கினேன். கப்பலே சிரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவேதான் யாரோ விடு என்றார்கள், சக்கரம் கட்டோடு கீழே போயிற்று.

மேல்தளத்துக்குப் போய் மூடுபனிக்குள் நின்றேன். ஆத்திரத்தில் காது சூடாக இருந்தது. பழுதான கருவி என்றால் கருவியைத் திட்டலாம். புயல் என்றால் புயலைத் திட்டலாம். ஒரு கை அகலக் கயிற்றுத் துண்டும் ஒரு சாக்குக்கட்டியும் இரண்டு குளிர்காலத்தைக் கீழே பிடித்துவைத்திருந்தன, அதற்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. எல்டன் இதற்குள் மூன்று முறை கூப்பிட்டிருந்தான். எடுக்கவில்லை.

ஒரு வழி இருந்தது. கம்பிவடத்தில் கொக்கிகளைக் கட்டி, கருவிக்கயிற்றைச் சுற்றி வளையமாகக் கடலடியில் போட்டு, மெதுவாக இழுத்துச் சுருக்கினால் எங்காவது மாட்டும். அதற்கு அரை நாளாவது வேண்டும். எனக்கு அரை நாள் இல்லை. என் நேரம் சாயங்காலத்தோடு முடிகிறது. இரவு கப்பல் டெர்மட்டின் இடத்துக்குப் போக வேண்டும், அவனுக்கு மறுநாள் முழுக்க வலை, அதன்பிறகு நேராகத் துறைமுகம். கேப்டன் நல்ல மனிதர், ஆனால் நேரம் என்றால் கல். டெர்மட் கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை, உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள் என்றுவிட்டார்.

ஆக நான் டெர்மட்டிடம் கேட்க வேண்டும். போயும் போயும் அவனிடம்.

அவன் ஆய்வறையில் கண்ணாடிக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தான். கடலில் பாசி பூத்திருக்கிற வாரம் அது. பூச்சிகள் ஆழத்திலிருந்து மேலே வந்து மேய்கிற காலம். அதைப் பிடிக்கத்தான் வருடம் முழுக்கக் காத்திருக்கிறான், விட்டால் அடுத்த வருடம்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

குப்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"உனக்காகக் குடுக்க மாட்டேன்."

"தெரியும்."

"உன் கயிறு மேல வரணும். பிப்ரவரில லாப்ரடார் தண்ணி வந்தது அதுல பதிஞ்சிருக்கும். அத நீ பாக்கறப்ப உன் மூஞ்சிய நான் பாக்கணும். அதுக்குக் குடுக்கறேன்."

"வந்திருக்காது."

"அப்ப நீ என் மூஞ்சியப் பாத்துக்க."

கேப்டனிடம் அவனே போய்ச் சொன்னான். வரும் வழியில் அம்புரோஸின் முதுகில் தட்டி, தன் பெயரை எழுதின சக்கரம் ஆசையோடு தன்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டுப் போனான். எனக்கு நன்றி சொல்ல வரவில்லை. அவனுக்கும் அது தேவையில்லை என்று நினைக்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் ஆரம்பித்தோம். கப்பல் நடைவண்டிக் குழந்தைபோல மெல்ல மெல்ல வட்டம் போட்டது. கம்பிவடம் கீழே போய்க்கொண்டே இருந்தது. முதல் சுற்றில் ஒன்றும் மாட்டவில்லை. வடம் வெறுங்கையோடு வந்தது, கொக்கிகளில் கடலடிச் சேறு மட்டும் ஒட்டியிருந்தது. இரண்டாம் சுற்றில் எந்திரம் முனகியது, இழுவை ஏறியது. வந்தது யாரோ எப்போதோ இழந்த ஒரு மீன்வலை. அம்புரோஸ் அதை வெட்டி எடுக்கவே பத்து மணியாகிவிட்டது. அவர் கத்தி போடுகிற வேகத்தைப் பார்த்தால் அந்த வலையின்மேல் அவருக்கு ஏதோ சொந்தக் கோபம் இருந்ததுபோல் இருந்தது. மாக்சின் ஒலிக்கருவியின் பக்கத்திலேயே இருந்தாள். கீழே இருந்தது அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது.

டெர்மட் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதில்லை என்று காட்டிக்கொண்டான். கொடுத்த நேரம் கரைந்துகொண்டிருந்தது. எனக்கு அவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை, என்னையும் பிடிக்கவில்லை. இதற்கு நடுவில் எல்டனுக்கு ஒரு குறுஞ்செய்தி மட்டும் அனுப்பினேன், கயிறு சிக்கியிருக்கிறது, முயற்சி செய்கிறோம் என்று. சரி என்று மட்டும் பதில் போட்டான். எல்டன் ஒற்றை வார்த்தை ஆள் இல்லை.

மூன்றாம் சுற்றில் இழுவை மெதுவாக ஏறியது. மறுபடி வலைதான் என்று நினைத்து நான் திரும்பிக்கொண்டேன். திடீரென வடம் தளர்ந்தது. எந்திரத்தின் முள் படாரென்று விழுந்தது. அறுந்துபோச்சு என்று யாரோ சொன்னார்கள். எது அறுந்தது, எங்கள் வடமா, கருவிக்கயிறா, எதுவும் தெரியவில்லை.

மாக்சின் தூரம் கேட்டாள். பதில் வந்தது. இன்னொரு முறை கேட்டாள். பிறகு எங்களைப் பார்க்காமலே, "குறையுது," என்றாள். "தூரம் குறையுது. மேல வருது."

வடத்தில் கட்டிய கொக்கி இழுத்த இழுப்பில் ஆரஞ்சுக் கட்டு அறுந்திருந்தது. இனி மூடுபனிக்குள் அது எங்கே தலைகாட்டும் என்று தேட வேண்டும். கப்பலைச் சுற்றி எல்லாக் கண்ணும் விரிந்தது. சமையற்காரர் கூட ஏப்ரனோடு வந்து நின்றார். கடைசியில் பார்த்தவன் டெர்மட். பின்பக்கத்திலிருந்து மஞ்சள், மஞ்சள் என்று கத்தினான். அந்தக் குரலில் அவன் கட்சி எதுவென்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

மிதவைகள் ஒவ்வொன்றாகத் தளத்தில் ஏறின. அவற்றுக்குப் பின்னால் பாசியும் வழுவழுப்பும் பிடித்த கயிறும், கருவிகளும் வந்தன. அடிக் கருவிதான் எனக்கு வேண்டியது. அதைத் துடைத்து, ஆய்வறைக்குள் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனேன். கணினியில் இணைத்தேன். மின்கலம் செத்திருந்தால், ஒரு துளித் தண்ணீர் உள்ளே போயிருந்தால் எல்லாம் வீண். வீண் ஆகவில்லை. இரண்டு வருடமும் அப்படியே இருந்தது.

சூட்டின் கோடு திரையில் மெல்ல விரிந்தது. டெர்மட் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். அம்புரோஸ், மாக்சின், சமையற்காரர், எல்லோரும் கதவில் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். முதல் இலையுதிர் காலம் போயிற்று. முதல் குளிர்காலம் வந்தது. லாப்ரடார் தண்ணீர் வந்திருந்தால் கோடு பள்ளமாக விழ வேண்டும். விழவில்லை. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச். கோடு மேசைபோலத் தட்டையாகப் போனது. அடுத்த குளிர்காலமும் அப்படியே. மூச்சுக்காற்றின் கோடோ இறங்கு முகமாகவே போயிற்று. ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட லாப்ரடார் தண்ணீர் வரவில்லை.

நான் மேசையை ஓங்கித் தட்டினேன். எழுந்து குதித்தேன் என்று பிறகு மாக்சின் சொன்னாள், எனக்கு ஞாபகமில்லை. இத்தனை வருடக் கேலி, கருத்தரங்கச் சிரிப்பு, ரேடியோ, போர்வை, எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சிரித்தேன். டெர்மட்டின் முகத்தைப் பார்த்தேன், பார்க்கச் சொன்னவன் அவன்தானே. அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பூச்சிகளை எண்ணுகிற மாதிரி கோட்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை விரலால் தொட்டுக்கொண்டே போனான். பிறகு, "சரி தாயே, நீ ஜெயிச்ச," என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். அம்புரோஸ் தன் பாவம் தீர்ந்தது என்று நினைத்தாரோ என்னவோ, எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினார். யாரோ தேநீர் கொண்டுவந்தார்கள். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது.

"வந்துச்சா?" என்றான் எல்டன்.

"வந்துச்சுடா! முழுசா வந்துச்சு, ஒரு கருவி பழுதில்ல."

"கயிறக் கேக்கலக்கா. தண்ணி."

"வரல. ரெண்டு குளிர்காலமும் வரல. நான் சொன்னது சொன்னபடி. கோடு அப்பிடியே தட்டையா போகுது, நீ பாக்கணும்."

என் பின்னால் யாரோ டெர்மட்டைக் கேலி செய்தார்கள், ஒரு சிரிப்பு எழுந்தது. அது போனுக்குள்ளும் போயிருக்க வேண்டும்.

"சந்தோஷமா இருக்கியேக்கா," என்றான்.

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. நான் சந்தோஷமாக இருப்பதை அவன் கவனித்துச் சொன்னான், அவ்வளவுதான். போனைப் பொத்திக்கொண்டு வெளியே நடைபாதைக்கு வந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவித்தேன். ஒரே இடத்தில்தானே அளந்திருக்கிறோம், பள்ளம் அகலமானது, வேறு பக்கத்தில் கொஞ்சம் வந்திருக்கலாம் என்று சொல்லத் தொடங்கினேன். அது பொய்யில்லை. ஆனால் நான் அதை நம்பவில்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"இறால் திரும்பி வராதுல்ல?"

"வராதுடா."

"என் காலத்துல?"

"உன் காலத்துல வராது."

அவன் பக்கம் காற்று இரைந்தது. படகுத்துறையில் நின்றிருப்பான்.

"அந்த டெர்மட் கரீன் அங்க இருக்காரா? ஒரு நிமிஷம் குடு."

எதற்கு என்று கேட்கவில்லை. இத்தனை வருடம் அவன் பிடித்துக்கொண்டிருந்தது டெர்மட்டின் வார்த்தையைத்தான். முடிந்துபோனது என்பதையும் அதே வாயிலிருந்து கேட்டால்தான் அவனுக்கு அது முடியும். உள்ளே போய் டெர்மட்டிடம் போனைக் கொடுத்து, என் தம்பி என்றேன். டெர்மட்டுக்கு முகம் மாறிவிட்டது. போனை வாங்கிக்கொண்டு நடைபாதையின் கோடிக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டான்.

அவன் பேசியது கொஞ்சம்தான். கேட்டதுதான் அதிகம். "ஆமா," என்றான். "ஆமா, அக்கா சொன்னதுதான் சரி." பிறகு நெடுநேரம் கழித்து, "நானும் அப்படித்தான் நம்பினேன் தம்பி, பொய் சொல்லல," என்றான். மறுபடி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான், எதிரில் இருப்பவனுக்குத் தெரியாது என்பதை மறந்து.

திரும்பி வந்து போனை என் கையில் வைத்தான். காதில் வைத்துப் பார்த்தேன். எல்டன் போயிருந்தான்.

"நாளைக்குப் போய்க் குடுத்துர்றானாம்," என்றான் டெர்மட். "வெள்ளிக்கிழம வரைக்கும் எதுக்குங்கறான்."

"வேற என்ன சொன்னான்?"

டெர்மட் தரையைப் பார்த்தான்.

"உனக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னான். ரொம்ப வருஷமா கஷ்டப்பட்டியாம்."

கிண்டலாகச் சொன்னானா என்று கேட்டேன். இல்லை, மனசாரத்தான் சொன்னான் என்றான் டெர்மட். நான் நம்பவில்லை என்று நினைத்து இன்னொரு முறையும் சொன்னான். கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.